கையெழுத்துப் போடாத டெல்மர்

என் தம்பி டெல்மர் ரஸ்டாட், முடியாது என்று மற்றவர்கள் சொன்ன பிறகு சாதித்தவை இவை. தேதி தெரிந்தவற்றைத் தேதியோடு எழுதுகிறேன்.

1931 மார்ச் 3. ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். "பேர் வைக்க அவசரப்படாதீங்க" என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். செருப்புப் பெட்டியில் பஞ்சு அடைத்து அவனைக் கிடத்தி, சூட்டுக்காக அடுப்புக் கதவைத் திறந்து அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

1946 ஆகஸ்ட். ஈற்றில் கடைசியாக வந்த சவலைப் பன்றிக்குட்டியை மண்டையில் அடித்துப் போட்டுவிடச் சொன்னார் கால்நடை மருத்துவர். டெல்மர் அதைச் சட்டைக்குள் வைத்து வளர்த்தான். மாவட்டச் சந்தையில் அதுதான் முதல் பன்றி. ஊதா ரிப்பனும் ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். கோப்பையில் அவன் முழுப்பெயரைப் பொறித்திருந்தார்கள்.

1952 அக்டோபர். சோளம் பறிக்கும் எந்திரம் இடது கையில் இரண்டு விரல்களைத் தின்றது. மறு வருடமே கையால் சோளக்கதிர் உரிக்கும் போட்டிக்குப் போனான். பத்து விரல்காரர்கள் பதினேழு பேர். இவன் முதலாவது.

1956. லவோன் அவனுக்கு மனைவியானாள். அவள் அப்பா மூன்று முறை வாசற்கதவை முகத்தில் சாத்தியிருந்தார். நான்காவது முறை காபி கொடுத்தார்.

1975 ஜனவரிப் பனிப்புயல். பள்ளத்தில் இறங்கிய பள்ளிப் பேருந்தை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தான். உள்ளே பதினான்கு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கும் காது கூட மரத்துப்போகவில்லை.

1987. அமெரிக்க அதிபராக ஆசைப்பட்டு எங்கள் கட்சியில் ஆறு பேர் கிளம்பினார்கள். ஆறு பேர் பேச்சையும், ஆளுக்கு இரண்டு ஊரில் இரண்டு முறை, நேரில் போய்க் கேட்டான். எங்கள் மாவட்டத்தில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. பத்திரிகைக்காரர்களும் செய்யவில்லை.

இந்தப் பட்டியலில் படிப்பு கிடையாது. என் தம்பிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எழுத்துகள் நிற்க மாட்டேன் என்கின்றன என்று ஆறு வயதில் என்னிடம் அழுதான். எங்கள் ஒற்றை அறைப் பள்ளியில் ஆசிரியை அவனைக் கடைசி வரிசையில், கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கரி போடும் வேலையைக் கொடுத்தார். ஐந்து வருடம் கரி போட்டான். பதினோரு வயதில் அப்பா அவனை வயலுக்கு இழுத்துக்கொண்டார். நான் எட்டாவது வரை படித்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிச் சமையலறையில் சேர்ந்த பிறகும் சாமான் பட்டியல் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். டெல்மருக்கு வரும் கடிதங்களை வாசித்ததும், அவன் பெயரைப் போட்டதும் நான்தான். நடுவில் இருபத்து மூன்று வருடம் லவோன் அந்த வேலையைப் பார்த்தாள். அவள் இறந்த பிறகு மறுபடியும் நான்.

கல்யாணப் பதிவேட்டிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அவன் கையால் போட்டது உண்டு. கோழி கிளறியதுபோல் ஒரு கிறுக்கல். பெரிய மனிதர்களும் அப்படிக் கிறுக்குகிறார்கள், அதனால் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆனால் அது பெயர் இல்லை. அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

எழுத்து வராதவனுக்குக் கடவுள் காதைக் கொடுத்திருந்தார். ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். மூன்று வாரத்துக்கு முன் கேட்ட ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைத் தும்மல் உட்பட சொல்லி லவோனைச் சிரிக்கவைப்பான்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதிபர் ஆசைக்காரர்கள் முதலில் எங்கள் அயோவா மாநிலத்துக்குத்தான் வருவார்கள். தேர்தலுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போதே வந்துவிடுவார்கள். உணவகத்தில், கால்நடை ஏலக் கொட்டகையில், யாராவது வீட்டு வரவேற்பறையில், முப்பது பேர் நாற்பது பேர் முன்னால் நின்று பேசுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் எல்க் ஃபோர்க்கில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. செனட்டர் கில்லம். தொலைக்காட்சியில் வருவார். நகர மேயராக இருந்த ஓவர்பியை பாதிப் பேருக்குத் தெரியும். மற்ற நான்கு பேரும் யாரோ.

தொலைபேசியில் கருத்துக் கணிப்புக்காரர்கள் கூப்பிட்டு, "இவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, இவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா" என்று வரிசையாகக் கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம். போனைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் கத்துவார்கள்: "டேமரன்னா யாரு? டெல்மர் அவரப்பத்தி என்ன சொன்னான்?"

ஆம், என் தம்பியைத்தான் கேட்பார்கள். மெயின் தெரு உணவகத்தில் காலையில் அவன் காபி குடிக்க உட்கார்ந்தால் போதும்.

"டெல்மரு, அந்த டேமரன் பல் டாக்டரா?"

"இல்லண்ணே. ஆளுநரா இருந்தவரு. பல் டாக்டரு அடுத்த கட்சிக்காரரு. அவரு ஆகஸ்ட்டுலயே வெலகிட்டாரு."

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ஒங்க பல்லப் பாத்தா ரெண்டு பேரையும் நீங்க பாத்ததில்லன்னு தெரியுதுண்ணே."

அவன் கேட்கும் முறை இதுதான். ஒருவர் எங்கள் ஊரில் பேசினால் பின்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பான். பிறகு அதே ஆள் எங்களைப் போல இல்லாதவர்கள் முன் எங்கே பேசுகிறார் என்று என்னைப் பத்திரிகையில் பார்க்கச் சொல்வான். பன்றி ஏற்றிக்கொண்டு போகிற சாக்கில் அங்கேயும் போவான். மாநிலத் தலைநகர் டெ மொய்னில் வியாபாரிகளின் மதிய விருந்தில் கில்லம் பேசியபோது சமையலறைக் கதவோரம் நின்றானாம். வேலைக்காரன் என்று நினைத்து ஒருவர் காலித் தட்டைக் கையில் கொடுத்தாராம். வாங்கிக்கொண்டு முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு வந்தான். இரண்டு ஊரில் பேசியதையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். ஆறு பேரில் ஐந்து பேர் ஊருக்கு ஒன்று பேசினார்கள். டேமரன் ஒருவர்தான் இரண்டு இடத்திலும் ஒன்றையே சொன்னார். அதுவும் எங்களுக்குப் பிடிக்காததை.

இங்கேதான் ஊர் ஒரு தப்புக் கணக்குப் போட்டது. எங்கள் பக்கத்துக்காரர்கள் மட்டுமே போடக்கூடிய கணக்கு.

தேர்தல் வேலைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் கையில் ஓர் அட்டை இருக்கும். 'நான் இன்னாரை ஆதரிக்கிறேன்' என்று அச்சடித்து, கீழே பெயர், முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து. கண் முன்னால் நிரப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். டெல்மரிடம் நீட்டினால், "எல்லாரையும் கேட்டு முடிக்கிறேம்மா, அப்புறம் பாக்கலாம்" என்பான். எங்கள் மாநிலத்தில் அதற்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. கடைசிவரை யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் எடை போடுகிறவனைத்தான் நல்ல வாக்காளன் என்போம். அதனால் அட்டையோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு அவர்களுடைய மேலாளர்கள் வந்தார்கள். ஓவர்பியின் மனைவி ஆப்பிள் பணியாரத்தோடு பண்ணைக்கே வந்தார். எங்கள் வாரப் பத்திரிகை டிசம்பரில் படத்தோடு ஒரு செய்தி போட்டது. தலைப்பு: 'கையெழுத்துப் போடாத டெல்மர்'.

நான் அதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். காபி மூக்கில் ஏறும்வரை சிரித்தான். பிறகு பத்திரிகையை வாங்கிப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?"

"எது?"

"எதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அம்பது வருஷமா தெரியல. இனிமேவா தெரியப்போகுது? நான் இருக்கேன்லடா."

அந்தப் பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

உணவகத்தில் பரிமாறும் ஐலா கல்லாவுக்குப் பக்கத்தில் ஆறு ஜாடிகளை வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். காபி குடித்தவர்கள் ஒரு சோளமணியை எடுத்துப் பிடித்தவர் ஜாடியில் போட வேண்டும். கில்லம் ஜாடி வாரம் ஒருமுறை நிரம்பும். டேமரன் ஜாடி காலியாகவே கிடந்ததால் ஐலா அதில் பல்குத்தும் குச்சிகளைப் போட்டு வைத்தாள். குச்சி இருக்கும் ஜாடிதான் டேமரன் என்று டெல்மர் அடையாளம் வைத்துக்கொண்டான். அவர்தான் என்று முடிவு செய்த பிறகு, தினமும் குச்சிகளுக்கு நடுவே ஒரு மணி போடுவான்.

ஜனவரியில் ஒரு நாள் கில்லம் ஜாடியைக் காலி செய்த ஐலா, கை மறதியாகக் குச்சிகளை அதில் மாற்றிப் போட்டுவிட்டாள். டெல்மர் தன் மணியை அதில் போட்டான். பின்னால் நின்ற கோர்டன் பீல் அவன் முதுகில் தட்டினார். கோர்டன் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரில் கில்லம் ஆட்களுக்குத் தலைவர்.

"பாத்தீங்களா எல்லாரும்! டெல்மர் எங்க பக்கம் வந்துட்டான்!"

டெல்மர் ஜாடியைப் பார்த்தான். குச்சிகள் இருந்தன. என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வழியில்லை.

"சும்மா ஒரு மாத்தத்துக்கு, வாத்தியாரே" என்றான்.

ஒரு வாரம் ஊரே அதைப் பேசியது.

பிப்ரவரி 8, திங்கட்கிழமை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம் மாலை ஏழு மணிக்குப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். எங்கள் வழக்கத்தில் சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. அவரவருக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இல்லாத மூலை கணக்கில் வராது. அந்த மூலைக்காரர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது சும்மா நிற்கலாம். அன்று வந்தவர்கள் 62 பேர். ஒரு மூலை பிழைக்கப் பத்துப் பேர் வேண்டும்.

என்னை வழக்கம்போல் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். கதவருகே மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதினேன். டெல்மர் பெயரையும் எழுதி, பக்கத்தில் கையெழுத்தையும் நானே போட்டேன். எண்ணி முடிக்கும்வரை செயலாளர் மேசையை விட்டு எழக்கூடாது என்பது விதி.

முதல் எண்ணிக்கை: கில்லம் 34, ஓவர்பி 24, டேமரன் 4. மற்ற மூவருக்கும் ஒருவரும் நிற்கவில்லை. டேமரன் மூலை பால் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே டெல்மர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்மாள், ஒரு இளம் தம்பதி. பத்துக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும். இல்லாவிட்டால் அவன் ஒரு வருடம் காரோட்டிக் கேட்டதெல்லாம் எங்கள் ஊரில் பூஜ்யம்.

ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒருவர் ஒரு நிமிடம் பேசலாம். டெல்மர் நடுவில் வந்து நின்றான்.

"எனக்குப் பேச வராது. கேட்டதச் சொல்றேன். செப்டம்பர் பதினாறு, நம்ம ஏலக் கொட்டகையில செனட்டர் கில்லம் சொன்னது: 'சோளத்துக்கான ஆதரவு விலையில் ஒரு செண்டைத் தொடவும் யாரையும் விடமாட்டேன்.' அக்டோபர் ஒண்ணு, டெ மொய்ன்ல வியாபாரிங்க சாப்பாட்டுல சொன்னது: 'ஆதரவு விலை என்றென்றும் நீடிக்க முடியாது, ஐந்து வருடத்தில் அதைப் படிப்படியாக எடுத்துவிட வேண்டும் என்பதை விவசாயியும் மனதுக்குள் அறிவான்.' டேமரன் ரெண்டு எடத்துலயும் சொன்னது ஒண்ணுதான். வெல கொறையும், கொறைக்கும்போது பெரிய பண்ணையில இருந்து கொறைப்பேன்னாரு. எனக்கும் அது பிடிக்கல. ஆனா இங்க சொன்னத அங்கயும் சொன்னாரு. அவ்வளவுதான்."

அந்தப் பேச்சில் கில்லமின் குரலே இருந்தது. ஏலக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு முதல் பாதி அப்படியே நினைவுக்கு வந்தது.

முதலில் ஐலா கிளம்பினாள். "அவரு ஜாடியில பல்குச்சி போட்ட பாவத்துக்கு நான் வர்றேம்ப்பா."

சிரிப்பு எழுந்தது. பின்னாலேயே இருவர், இன்னும் இருவர், பால்பண்ணைக் குடும்பம் முழுதாக மூவர். கூட்டத் தலைவர் மறுபடி எண்ணினார். கில்லம் 30, ஓவர்பி 20, டேமரன் 12.

பன்னிரண்டு. நான் அதைப் பென்சிலால் எழுதினேன். டெல்மர் என்னைப் பார்த்தான். சந்தையில் ஊதா ரிப்பனோடு என்னைத் தேடிப் பார்த்த அதே முகம்.

அப்போது கோர்டன் முன்னால் வந்தார்.

"டெல்மர், ஒரு நிமிஷம். ஜனவரியில எங்க ஜாடியில சோளம் போட்டது நீதான?"

"நான்தான் வாத்தியாரே."

"அப்ப கில்லம் நல்லவரா இருந்தாரு. ஏன் போட்ட?"

டெல்மரின் கண் ஐலா பக்கம் போய்த் திரும்பியது.

"சரி, அத விடு. டெ மொய்ன் பேச்சு எங்கிட்ட இருக்கு. பேப்பர்ல வந்தது, வெட்டி வச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். "தலைப்பு என்ன? 'விவசாயி பக்கமே நிற்பேன்: கில்லம்.' நீ சொன்னது இதுல எங்கப்பா இருக்கு? இந்தா, வாசிச்சுக் காட்டு. இருந்துச்சுன்னா நானே ஒன் மூலைக்கு வர்றேன். எங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

டெல்மர் அதை வாங்கிக்கொண்டான். மூன்று விரல் கையில் அதைத் தள்ளிப் பிடித்தான்.

"கண்ணாடி கொண்டாரல."

மூன்று பேர் தங்கள் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்கள். உதவி என்று நினைத்துத்தான் நீட்டினார்கள். அவன் ஆர்கன் அம்மாளின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். தாளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கோர்டனுக்கு அந்த நேரத்தில் புரிந்துவிட்டது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவர். தெரியாமல் நீட்டினார் என்பதை நான் நம்புகிறேன். புரிந்த பிறகு அந்தத் தாளைத் திரும்ப வாங்கியிருக்கலாம். தானே வாசித்திருக்கலாம். வாங்கவில்லை. வகுப்புக் குரலில், மெதுவாகச் சொன்னார்:

"முதல் வரி போதும்ப்பா, டெல்மர்."

டெல்மர் கண்ணாடியைக் கழற்றி ஆர்கன் அம்மாளிடம் கொடுத்தான். துண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். ஓவர்பி பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், தணிவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்டது:

"அப்ப இத்தன நாளா நமக்குச் சொன்னதெல்லாம்?"

"ரேடியோவுல எதையாவது அரைகுறையாக் கேட்டிருப்பான்."

"பேப்பர்ல படமெல்லாம் போட்டானுங்களேடி, கையெழுத்துப் போட மாட்டான்னு..."

"போட மாட்டான்னு இல்ல. போட வராது."

பால்பண்ணைக் குடும்பம் முதலில் நகர்ந்தது. மூவரும் தரையைப் பார்த்தபடி போனார்கள். அடுத்து இருவர். ஐலா இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள், பிறகு அவளும் போனாள். போகும்போது ஒரு கிழவர் அவன் தோளைத் தட்டி, "பரவால்லப்பா, அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார். சொல்லிவிட்டு அவரும் கில்லம் மூலைக்குப் போனார். பன்னிரண்டு பேர் ஐந்தானார்கள்.

என் மூக்கில் கண்ணாடி இருந்தது. மேசைக்கும் அந்தத் தாளுக்கும் பதினைந்து அடி. எழுந்து போய் எடுத்து வாசித்திருக்கலாம். விதி கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் விதிப்படி உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் அவன் சார்பில் எழுதியவள், வேண்டிய ஒரு நிமிடத்தில் வாய் திறக்கவில்லை.

"டேமரனுக்கு ஆள் பத்தல. செயலாளர் எழுதிக்குங்க" என்றார் கூட்டத் தலைவர்.

பன்னிரண்டை ரப்பரால் அழித்தேன். பேனாவால் எழுதினேன்: டேமரன், 0. என் கையெழுத்து அன்றும் அழகாகத்தான் இருந்தது.

மற்ற நால்வரும் ஓவர்பி பக்கம் போனார்கள். டெல்மர் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்றான்.

கூட்டம் முடிந்து மேசைகளைத் துடைக்கும்போது அந்தத் துண்டு அங்கேயே கிடந்தது. எடுத்து வாசித்தேன். தலைப்பு கோர்டன் சொன்னதுதான். முதல் பத்தியில் கைதட்டல். இரண்டாவதில் விருந்துக்கு வந்தவர்களின் பெயர்கள். மூன்றாவது பத்தியில், மேற்கோள் குறிக்குள், டெல்மர் சொன்னது இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. 'விவசாயியும் மனதுக்குள் அறிவான்' வரை அப்படியே இருந்தது. அவன் கையில்தான் இருந்தது.

கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினேன். கோர்டன் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கூடத்துக் கதவின் வெளிச்சத்தில் அவருக்கு மூன்றாவது பத்தியை வாசித்துக் காட்டினேன்.

"இப்படியா போட்டிருக்கான்?" என்று வாங்கிப் பார்த்தார். "நான் அவ்வளவு கீழ வரைக்கும் படிக்கல, ஆர்டிஸ்."

"நாலு மாசமா பையில வச்சிருந்தீங்களே வாத்தியாரே."

"தலைப்பு நல்லா இருந்துச்சேன்னு வெட்டினேன்."

"இருந்துச்சுன்னா அவன் மூலைக்கு வர்றேன்னீங்க."

"எண்ணி முடிச்சாச்சேம்மா. இப்ப யாரு எந்த மூலைக்குப் போறது?" காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஜன்னலை இறக்கி, "டெல்மர் கிட்ட ஒண்ணும் மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லு" என்றார்.

டெல்மர் தன் லாரியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டான்.

"அதான் சொன்னேனே" என்றான்.

எட்டு நாள் கழித்து டேமரன் போட்டியிலிருந்து விலகினார். ஐலா ஜாடிகளைக் கழுவி ஊறுகாய் போட்டாள். டெல்மர் அதற்குப் பிறகு உணவகத்துக்குப் போகவில்லை. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. தெருவில் பார்த்தால் கொஞ்சம் உரக்க, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள், காது கேட்காதவனிடம் பேசுவதுபோல. ஊரிலேயே கூர்மையான காது அவனுக்குத்தான். வாரப் பத்திரிகை ஆசிரியர் நூலகத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது என்று ஒரு சிறு அறிவிப்புப் போட்டு, அதை வெட்டி அவனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

மே மாதம் முட்டை வாங்கப் போனவள் அவனைத் தேடிப் பன்றிக் கொட்டகைக்குள் நுழைந்தேன். தீவனப் பைகளைக் கிழித்த காகிதங்கள் மூலையில் குவிந்திருந்தன. எல்லாவற்றிலும் தச்சுப் பென்சிலால் எழுத்துகள். முதல் காகிதங்களில் அவன் பெயரைத் தொடங்கும் ஆங்கில 'டி' பின்பக்கம் பார்த்து நின்றது. நடுவில் விழுந்துகிடந்தது. கடைசிக் காகிதங்களில் நேராக நின்றது. ஆணியில் 1946-ஆம் வருடத்துக் கோப்பை தொங்கியது, பெயர் பொறித்த பக்கம் வெளியே தெரியும்படி. அதைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேடா."

"ஒன் கையெழுத்துல என் பேரு நெறைய இருக்குக்கா."

"அந்த வகுப்புக்குப் போறியா? நான் கொண்டு விடுறேன்."

"படிக்கிறதுக்கு இல்ல. போடுறதுக்கு."

"எதுல போட?"

"வா, ஒருநாள் காட்டுறேன்."

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை என்னை மாவட்ட அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். வாக்காளர் பதிவு மேசையில் இருந்த பெண்ணிடம், "கட்சிய விட்டு விலகணும்மா" என்றான்.

"எந்தக் கட்சிக்கு மாத்தணும் சார்?"

"எதுக்கும் இல்ல. கட்சி இல்லன்னு ஒரு கட்டம் இருக்குமாமே, அது."

கட்சியில் பதிந்தவர்கள்தான் அந்தக் கூட்டத்துக்குப் போகலாம். முப்பத்தைந்து வருடமாக ஒரு கூட்டத்தையும் விடாதவன் அவன். அப்பாவும் அந்தக் கட்சி, தாத்தாவும் அந்தக் கட்சி.

"நல்லா யோசிச்சியாடா?" என்றேன்.

"நாலு மாசமா அதத்தான எழுதிட்டிருந்தேன்."

அந்தப் பெண் படிவத்தை நீட்டினாள். பழக்கதோஷம், நான் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டேன். டெல்மர் தன் மூன்று விரல் கையை என் கைமேல் வைத்தான்.

"இது நான்" என்றான்.

அவன் பெயருக்கு ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொன்றையும் வேலிக்கம்பம் நடுவதுபோல் நட்டு, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனான். பின்னால் வரிசையில் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். அவன் அவசரப்படவில்லை. கடைசி எழுத்தை முடித்து, படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினான். சரியாக இருந்தது. என் கையெழுத்தைப் போல அழகாக இல்லை.

"தேதியும் போடணும் சார், பக்கத்துல" என்றாள் அந்தப் பெண்.

எண்கள் அவனுக்கு என்றுமே தொந்தரவு கொடுத்ததில்லை. ஒரே மூச்சில் எழுதினான்: 1988 ஜூன் 14.